கடுகுக் குடும்பத்துக் காட்டுச் செடிகளைப் பிரித்தறிய: பூவை விட்டுக் காயைப் பிடியுங்கள்

ஒரு செடி கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று சொல்வது சுலபம். குறுக்குக் குறி போட்ட மாதிரி நான்கு இதழ், முடிந்தது கதை. அந்தக் குடும்பத்துக்குள் இது எந்தச் செடி என்று கேட்டால்தான் தலைவலி. உலகெங்கும் ஏறக்குறைய 4,000 சிற்றினங்கள், எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே பூ. களைச்செடிகளாகப் பாதையோரத்திலும் வயல் வரப்பிலும் பூந்தொட்டியிலும் முளைப்பவை பெரும்பாலும் சின்னஞ்சிறு வெள்ளைப் பூ அல்லது மஞ்சள் பூ. பூவை மட்டும் வைத்து இவற்றைப் பிரிக்க முயல்பவர்கள் பாதியில் கைவிட்டுவிடுவார்கள். நானும் இதில் நிறைய அல்லாடியிருக்கிறேன். அப்போது யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று தோன்றிய விஷயங்களை வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. முதலில், இது கடுகுக் குடும்பம்தானா?

இதைத் தாண்டாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். புல்லி இதழ் நான்கு, அல்லி இதழ் பெரும்பாலும் நான்கு, மகரந்தத்தாள் பெரும்பாலும் ஆறு (விதிவிலக்குகள் ஆறாம் பகுதியில் வரும்). அந்த ஆறில் நான்கு நீளம், இரண்டு குட்டை. சூலகம் இதழ்களுக்கு மேலே நிற்கும். காயைப் பிளந்தால் நடுவில் மெல்லிய சவ்வு ஒன்று காயை இரண்டு அறையாகப் பிரித்திருக்கும். இலையைக் கசக்கினால் பெரும்பாலும் கடுகு அல்லது முள்ளங்கி வாடை அடிக்கும்.

ஏமாற்றும் செடிகள் சில உண்டு. நாய்வேளைக்கு நாய்க்கடுகு என்றும் ஒரு பெயர் இருப்பதால் பலர் அதைக் கடுகுக் குடும்பத்தில் தேடுகிறார்கள். அதற்கும் நல்வேளைக்கும் நான்கு இதழ்தான், விதையும் கடுகு அளவில்தான் இருக்கும். ஆனால் இலை விரல் விரித்த கைபோல் மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும், காய்க்குள் நடுச்சவ்வு இருக்காது. அவை பக்கத்துக் குடும்பம். பிரமதண்டின் விதை கடுகு போலவே இருக்கும், ஆனால் விஷம். அந்தச் செடி முழுக்க முள், ஒடித்தால் மஞ்சள் பால் வடியும், மகரந்தத்தாள் எண்ணவே முடியாத அளவுக்கு இருக்கும். எபிலோபியம் வகைச் செடிகளிலும் நான்கு இதழ் உண்டு, அங்கே சூலகம் இதழ்களுக்குக் கீழே நீண்ட காம்பு போலத் தெரியும்.

2. என்ன வேண்டும், என்ன செலவு?

பெரிய செலவு எதுவும் இல்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று, மில்லிமீட்டர் அளவுகோல், சவர பிளேடு, பழைய செய்தித்தாள், சிறிய காகித உறைகள், பென்சில். இருபது மடங்கு லென்ஸ் வாங்க ஆசை வரும். வேண்டாம். அதில் தெரியும் பரப்பு குறுகிவிடும், கை கொஞ்சம் நடுங்கினாலும் ஒன்றும் தெரியாது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு செடியை அதன் அருகே கொண்டுவர வேண்டும். செடிக்கு மேல் லென்ஸை நீட்டிப் பிடித்துத் தூரத்திலிருந்து பார்த்தால் பலன் இல்லை.

செலவு கொஞ்சம் கூடும் இடம் புத்தகம். உலகத்துப் பூக்களையெல்லாம் படமாகப் போட்ட நூல் இங்கே உதவாது. உங்கள் வட்டாரத்தின் தாவரங்களுக்கென்று எழுதப்பட்ட, திறவுகோல் உள்ள நூலைத் தேடுங்கள். "இது உண்டா? அப்படியானால் இந்த எண்ணுக்குப் போ" என்று கேள்வி கேட்டே கொண்டுபோகும் வகைதான் திறவுகோல். வாங்க முடியாவிட்டால் பல்கலைக்கழக நூலகங்களில் பார்க்கலாம்.

பழைய நூலில் இருக்கும் பெயர் இன்று மாறியிருக்கலாம். கொரோனோபஸ், கார்டாரியா என்று தனித்தனியாக இருந்த பேரினங்களை இன்று லெப்பிடியத்தில் சேர்த்துவிட்டார்கள். கியூ தாவரவியல் பூங்காவின் இணையப் பட்டியலில் பழைய பெயரைத் தட்டினால் இன்றைய பெயர் வந்துவிடும். இலவசம்.

உண்மையான செலவு நேரம்தான். முதல் சில செடிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு மாலைப்பொழுது போய்விடும். பழகியபின் பத்து நிமிடம்.

3. எப்போது போவது?

பெரும்பாலான திறவுகோல்கள் முற்றிய காயிலிருந்துதான் தொடங்கும். ஆனால் நமக்குச் செடி கண்ணில் படுவது பூக்கும்போதுதான். இந்த இடைவெளிதான் புதியவர்களின் பாதிச் சிக்கல்.

நல்லவேளையாக, இந்தக் குடும்பத்தின் பூங்கொத்து நுனியில் வளர்ந்துகொண்டே போகும். மேலே மொட்டு, அதன்கீழ் பூ, அதற்கும் கீழே பிஞ்சு, அடியில் முற்றிய காய் என்று ஒரே தண்டில் எல்லாமே கிடைக்கும் காலம் ஒன்று உண்டு. அதற்குக் காத்திருங்கள். பூக்கத் தொடங்கிய அன்றே பறித்தால் காய் இருக்காது. அடிக்காய்கள் பழுப்பாகி வெடித்தபின் போனால் பூவும் இருக்காது, தரையோடு வட்டமாகப் படர்ந்திருந்த வேரடி இலைகளும் காய்ந்து போயிருக்கும்.

ஆகவே இரண்டு முறை போவது நல்லது. முதல் முறை பூவையும் வேரடி இலைகளையும் பாருங்கள், காய்க்காகச் சில வாரம் கழித்து மறுபடி போங்கள். முதல் முறையே செடியில் ஒரு நூலைக் கட்டி அடையாளம் வையுங்கள். இந்தச் செடிகள் கலந்து வளரும். பக்கத்துச் செடியின் காயைப் பறித்து முதல் செடியின் பூவோடு சேர்த்துவிட்டால் எந்தத் திறவுகோலும் உங்களைக் காப்பாற்றாது.

4. காயைப் படியுங்கள்

முழு வேலையும் இங்கேதான். காயில் ஐந்தாறு கேள்விகள் கேட்க வேண்டும். வரிசை முக்கியம்.

நீளம் அகலத்தைப் போல மூன்று மடங்குக்கு மேலா? மேல் என்றால் சிலிகுவா, குறைவென்றால் சிலிக்குலா. கண்ணால் மதிப்பிடாமல் அளவுகோலை வைத்து அளந்துவிடுங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே பட்டியலில் பெரும்பகுதி கழிந்துவிடும்.

அடுத்தது, குட்டைக் காய் தட்டையாக இருந்தால் எந்தப் பக்கமாகத் தட்டை? இதில்தான் பலர் தடுமாறுவார்கள். முற்றிய காயின் இரண்டு ஓடுகளையும் உரித்து எடுங்கள். நடுவில் சட்டம் கட்டியதுபோல் சவ்வு மிஞ்சும். அந்தச் சவ்வு காயின் முகம் அளவுக்கே அகலமாக இருந்தால் காய் சவ்வுக்கு இணையாகத் தட்டையானது. டிராபா, அலிசம், லூனேரியா என்ற பேரினங்கள் எல்லாம் இப்படி. சவ்வு ஒடுங்கிக் காயின் குறுக்கே நின்றால் காய் பக்கவாட்டில் நசுங்கியது. கப்செல்லா, தலாஸ்பி, லெப்பிடியம் இந்த வகை. காய் பச்சையாக இருந்தால் உரிப்பது கடினம், பிளேடால் குறுக்கே வெட்டி லென்ஸில் பாருங்கள்.

நீளக் காயாக இருந்தால் நுனியில் மூக்கு உண்டா என்று பாருங்கள். ஓடுகள் முடிந்த பிறகும் நீளும் பகுதியைத்தான் மூக்கு என்கிறேன். அது எவ்வளவு நீளம், தட்டையா உருண்டையா, முக்கியமாக அதற்குள் விதை உண்டா இல்லையா? மஞ்சள் பூக்காரர்களில் பாதிப் பேரைப் பிரிப்பது இந்த மூக்குதான்.

காய் எப்படிப் பிரிகிறது என்பதும் முக்கியம். பெரும்பாலானவற்றில் இரண்டு ஓடும் அடியிலிருந்து மேல்நோக்கிப் பிரியும். காட்டு முள்ளங்கியின் காய் அப்படித் திறக்காது, விதைகளுக்கு இடையே இறுகிக் கணுக்கணுவாக ஒடியும்.

பிறகு விதை. ஓர் அறையில் ஒரே விதையா, பலவா? பல என்றால் ஒற்றை வரிசையா, இரட்டை வரிசையா? கடைசியாக, காய் தண்டோடு ஒட்டி நிற்கிறதா விலகி நிற்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். இதைச் செடியைப் பறிப்பதற்கு முன்பே குறித்துவிட வேண்டும், அழுத்திக் காயவைத்தபின் எல்லாமே தண்டோடு ஒட்டியதுபோலத்தான் தெரியும்.

5. ரோமமும் இலையடியும்

இலையின் வடிவத்தை நம்பாதீர்கள். கப்செல்லாவின் வேரடி இலை ஒரு செடியில் முழுசாக இருக்கும், அடுத்த செடியில் ஆழமாகக் கிழிந்திருக்கும், இரண்டும் ஒரே சிற்றினம்தான். நம்பத்தக்கவை இரண்டு. தண்டிலை தண்டைச் சுற்றிக் காது மடல் விட்டுத் தழுவுகிறதா, காம்போடு நிற்கிறதா என்பது ஒன்று. ரோமம் ஒற்றையா, கவைத்ததா, நட்சத்திரம்போல் பிரிந்ததா என்பது மற்றொன்று.

ரோமத்துக்கு லென்ஸ் கட்டாயம். இலையை விரலில் சுற்றி வளைத்து, விளிம்பை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் தெளிவாகத் தெரியும். பிராசிகா, ராஃபானஸ், சிசிம்ப்ரியம், கார்டமின், ரோரிப்பா ஆகியவற்றில் ரோமம் இருந்தால் ஒற்றை ரோமம்தான். கிளைத்த ரோமம் தென்பட்டால் இவை எல்லாமே கழிந்துவிடும். மெல்லியதாக நறுக்கிவிட்ட இலையோடு நிற்கும் டெஸ்குரைனியாவைச் சிசிம்ப்ரியத்திலிருந்து பிரிக்க இதைவிட விரைவான வழி எனக்குத் தெரியாது.

6. அடிக்கடி குழப்பும் கூட்டங்கள்

குட்டைக் காய், வெள்ளைப் பூ. கப்செல்லாவின் காய் தலைகீழ் முக்கோணம், உச்சியில் சற்றுக் குழிவு, உள்ளே நிறைய விதை, செடியில் கிளைத்த ரோமம். தலாஸ்பி ஆர்வென்ஸின் காய் வட்டத்தட்டு, சுற்றிலும் அகலமான இறக்கை, உச்சியில் ஆழமான பிளவு. செடியில் ரோமமே இருக்காது. சந்தேகம் வந்தால் விதையைப் பாருங்கள், விரல்ரேகைபோல் வளைவளைவாகக் கோடு ஓடும். லெப்பிடியம் காம்பெஸ்டரேயும் இறக்கை வைத்த காய்தான், ஆனால் ஓர் அறைக்கு ஒரே விதை, தண்டில் ரோமம் அடர்த்தி.

கப்செல்லாவுக்குள்ளேயே பிரிப்பது தனிக் கலை. கப்செல்லா ருபெல்லாவில் இதழ் புல்லியைவிட அரிதாகவே நீளும், மொட்டு பெரும்பாலும் சிவந்திருக்கும், காயின் பக்கக் கோடு உள்வளைந்திருக்கும். கப்செல்லா பர்சா-பாஸ்டோரிஸில் இதழ் நீளம் கூடுதல், பக்கக் கோடு நேராக அல்லது சற்றே வெளிவளைந்திருக்கும். முதலாவதில் குரோமோசோம் 16, இரண்டாவதில் 32. இடைப்பட்ட செடிகள் கிடைத்தால் நான் பேரினத்தோடு நின்றுவிடுவேன்.

லெப்பிடியங்கள். இங்கே காயைவிட இதழும் வித்திலையும் பேசும். லெப்பிடியம் வர்ஜினிகம், டென்சிஃப்ளோரம் இரண்டுக்கும் மகரந்தத்தாள் பெரும்பாலும் இரண்டே. வர்ஜினிகத்தில் இதழ் புல்லியைத் தாண்டி வெள்ளையாகத் தெரியும், டென்சிஃப்ளோரத்தில் இதழ் இருக்காது அல்லது மிகச் சிறியது. உறுதி வேண்டுமென்றால் விதையை ஊறவைத்துக் குறுக்கே வெட்டுங்கள். முளைவேர் வித்திலைகளின் விளிம்பில் கிடந்தால் வர்ஜினிகம், வித்திலையின் முதுகில் கிடந்தால் டென்சிஃப்ளோரம். முதலில் கைக்கு வராது, பழகும். லெப்பிடியம் டிடிமத்துக்கு இவ்வளவு பாடு வேண்டாம். இரண்டு உருண்டையை ஒட்டிவைத்த காய், கசக்கினால் குமட்டும் நாற்றம்.

கார்டமின்கள். பூந்தொட்டிக் களை என்று எல்லோரும் ஒரே பெயரில் தள்ளிவிடும் கூட்டம். தொட்டால் காய் வெடித்து விதை தெறிக்கும். கார்டமின் ஹிர்சூட்டாவில் மகரந்தத்தாள் வழக்கமாக நான்கு, வேரடி இலைவட்டம் நன்றாக இருக்கும், தண்டு நேர், தண்டில் ரோமம் குறைவு, காய்கள் பூக்களுக்கு மேலே உயர்ந்து நிற்கும். ஃபிளெக்ஸுவோசாவில் மகரந்தத்தாள் ஆறு, தண்டு வளைந்து வளைந்து போகும், ரோமமும் தண்டிலைகளும் கூடுதல். காம்பின் அடியில் கூரிய காது மடல் தண்டைத் தழுவினால் அது கார்டமின் இம்பேஷியன்ஸ்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. ஆசியாவில் நீண்ட காலம் ஃபிளெக்ஸுவோசா என்று அழைக்கப்பட்டு வந்த ஈரநிலக் களை உண்மையில் வேறு சிற்றினம், இன்று அதன் பெயர் கார்டமின் ஒக்குல்டா. நாற்றங்காலிலிருந்து போகும் தொட்டி மண்ணோடு பல நாடுகளுக்கும் பரவிவிட்டது. ஃபிளெக்ஸுவோசாவின் குரோமோசோம் 32, ஒக்குல்டாவுக்கு 64. பழைய நூலை வைத்து ஃபிளெக்ஸுவோசா என்று முடிவுக்கு வந்தால், புதிய திறவுகோல் ஒன்றிலும் சரிபாருங்கள். இன்னொன்று, ஹிர்சூட்டாவில் மகரந்தத்தாளின் எண்ணிக்கையும் இதழின் எண்ணிக்கையும் செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் மாறும். ஒரு பூவை எண்ணி முடிவு கட்டாதீர்கள். பல செடிகளில், அன்றைக்கு மலர்ந்த பூக்களில் எண்ணுங்கள்.

ஈரத்து மஞ்சள் பூக்கள், அதாவது ரோரிப்பாக்கள். ரோரிப்பா இண்டிகாவில் நான்கு இதழ் உண்டு, காயின் ஓர் அறையில் விதை இரட்டை வரிசை. டுபியாவில் இதழ் பெரும்பாலும் இருக்காது, காய் நூல்போல மெல்லியது, விதை ஒற்றை வரிசை. காய் குட்டையாகத் தடித்து, கிட்டத்தட்ட தன் காம்பளவே நீளம் இருந்தால் பாலஸ்ட்ரிஸ் பக்கம் போங்கள்.

பெரிய மஞ்சள் பூக்கள். வயலைப் பார்த்துக் "கடுகு" என்று சொல்லிவிடுவோம், அங்கே நான்கைந்து செடிகள் நிற்கும். பிராசிகா ராபாவில் மேல் இலை தண்டைத் தழுவும், மலர்ந்த பூக்கள் மொட்டுகளுக்கு மேலே நிற்கும். பிராசிகா நேப்பஸிலும் இலை தழுவும், ஆனால் மொட்டுகள் பூக்களுக்கு மேலே இருக்கும். ஜுன்சியாவில் மேல் இலை தழுவாது. பிராசிகா நைக்ராவில் எல்லா இலைக்கும் காம்பு உண்டு, காய் குட்டை, தண்டோடு ஒட்டி நிற்கும், மூக்கில் விதை இல்லை. ஹிர்ஷ்ஃபெல்டியாவும் அதேபோல் காயைத் தண்டோடு ஒட்டவைத்திருக்கும், ஆனால் மூக்கு வீங்கி உள்ளே ஒரு விதை இருக்கும். சினாபிஸ் ஆர்வென்ஸில் புல்லி இதழ் கிடைமட்டமாக விரியும், காயின் ஓட்டில் மூன்று அல்லது அதற்கு மேல் நரம்பு தெளிவாக ஓடும். பிராசிகாவில் நடுநரம்பு ஒன்றுதான் எடுப்பாகத் தெரியும். காட்டு முள்ளங்கியில் புல்லி நேராக நிற்கும், காய் கணுக்கணு.

இவற்றில் சில ஒன்றோடொன்று கலந்து உருவானவை. ராபாவின் 20 குரோமோசோமும் நைக்ராவின் 16-ம் சேர்ந்ததுதான் ஜுன்சியாவின் 36. நேப்பஸின் 38 இதேபோல் ராபாவும் பிராசிகா ஒலரேசியாவும் சேர்ந்து வந்தது. பெற்றோரின் சாயல் பிள்ளையில் தெரிவதில் வியப்பில்லை. பயிர் வயலுக்கு அருகே நிற்கும் செடியில் கூடுதல் எச்சரிக்கை தேவை.

சிசிம்ப்ரியங்களுக்கு ஒரே பார்வை போதும். காய் ஊசியாகத் தண்டோடு ஒட்டியிருந்தால் அஃபிசினாலே. இளங்காய்கள் பூக்களைத் தாண்டி மேலே நீட்டிக்கொண்டிருந்தால் ஐரியோ. காய்க்காம்பு காய் அளவுக்கே தடித்திருந்தால் ஓரியண்டாலே அல்லது அல்டிசிமம். அல்டிசிமத்தின் மேல் இலைகள் நூல்போலக் கிழிந்திருக்கும்.

7. பதிவும் மாதிரியும்

பறிப்பதற்கு முன் அனுமதி. காப்புக்காடு, தேசியப் பூங்கா போன்ற இடங்களில் களைச்செடியாக இருந்தாலும் எழுத்து அனுமதி இல்லாமல் பறிக்கக் கூடாது. தனியார் நிலத்தில் உரிமையாளரிடம் கேளுங்கள். அனுமதி வர நாள் ஆகும், பருவம் அதற்காகக் காத்திருக்காது, அதனால் பூக்கும் முன்பே விண்ணப்பம் போட்டுவிடுங்கள். சுற்றிலும் அதே செடி குறைந்தது இருபது இருந்தால் ஒன்றைப் பறிக்கலாம், இல்லையேல் படம் மட்டும் போதும்.

படம் எடுப்பதாக இருந்தால் பூவை மட்டும் எடுத்துவிட்டு வராதீர்கள். முழுச்செடி, வேரடி இலை, தண்டிலை தண்டைத் தொடும் இடம், புல்லி தெரியும்படி பூவின் பக்கவாட்டுத் தோற்றம், அளவுகோலோடு காய், பிளந்த காய். யாரிடமாவது உதவி கேட்டால் இவற்றைத்தான் கேட்பார்கள்.

செடியை வேரோடு எடுத்துச் செய்தித்தாளுக்குள் விரித்து, மேலே கனம் வையுங்கள். முதல் சில நாள் தினமும் தாளை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கறுத்துப் பூசணம் பிடிக்கும். வறண்ட காலநிலையில் ஒரு வாரம், பத்து நாளில் காய்ந்துவிடும். இதழின் நிறம் காயும்போது மங்கும். வாடை போய்விடும், மகரந்தத்தாள் ஒட்டிக்கொள்ளும். ஆகவே நிறம், வாடை, மகரந்தத்தாள் எண்ணிக்கை, காயின் சாய்வு, செடியின் உயரம், இடம், நாள், மண் ஈரமா வறண்டதா எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே பென்சிலால் எழுதி மாதிரியோடு வையுங்கள். பேனா மை நனைந்தால் போச்சு.

8. மற்ற பொறிகள்

கைபேசிச் செயலி ஒரு பெயரைச் சொல்லும். பேரினம் வரை அதை யோசனையாக எடுத்துக்கொள்ளலாம். கார்டமினிலும் லெப்பிடியத்திலும் சிற்றினப் பெயரை அப்படியே ஏற்காதீர்கள். படத்தில் மகரந்தத்தாளும் விதையும் தெரியாதபோது அது எதை வைத்துச் சொல்லும்?

தண்டும் பூவும் வீங்கி, வெள்ளைப் பொடி பூசியதுபோல் கோணலாக இருந்தால் அது புதுச் சிற்றினம் அல்ல, அல்புகோ என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிர் தாக்கிய நோய். பக்கத்தில் நல்ல செடியைத் தேடுங்கள். மேய்ந்த செடி, புல் வெட்டும் இயந்திரம் கடித்த செடி ஆகியவையும் திறவுகோலுக்கு ஆகாது, மறுபடி தழைத்த கிளையில் எல்லா அளவும் மாறியிருக்கும்.

"கடுகுக் குடும்பம் முழுக்கச் சாப்பிடலாம்" என்று சிலர் சொல்வார்கள். நம்ப வேண்டாம். எரிசிமம் செடிகளில் இதயத்தைத் தாக்கும் கிளைகோசைடுகள் உண்டு. மேய்ச்சல் நிலத்து ஓடையில் பறித்த நீர்க்கீரையை, அதாவது நாஸ்டர்ஷியத்தை, பச்சையாகத் தின்றால் ஈரல் புழு தொற்றக்கூடும். செடிக்குச் சரியான பெயர் கிடைத்தபின்னும் சாலையோரத்தில் தெளித்த மருந்து அதில் இருக்கும்.

9. பெயர் எழுதும்போது

எல்லாக் கேள்விக்கும் விடை ஒத்துவந்தால் முழுப்பெயர் எழுதுங்கள். ஒன்று மட்டும் முரண்டினால் பெயருக்கு முன் "ஒப்பிடுக" என்று போட்டு, முரண்டியது எது என்றும் எழுதுங்கள். முற்றிய காய் கிடைக்கவில்லை என்றால் பேரினப் பெயரோடு நிறுத்துங்கள். லெப்பிடியம் என்று மட்டும் எழுதி வைப்பதில் கேவலம் ஒன்றுமில்லை, தவறான சிற்றினப் பெயரைத் திருத்துவதைவிட விடுபட்ட பெயரைச் சேர்ப்பது சுலபம்.

அதற்கு மேல் உதவி வேண்டுமென்றால் அருகிலுள்ள ஹெர்பேரியத்துக்கு, அதாவது உலர்த்திய செடி மாதிரிகளைச் சேர்த்துவைக்கும் நிலையத்துக்கு, எழுதுங்கள். பெரும்பாலான இடங்களில் முதலில் படம் கேட்பார்கள், பிறகு மாதிரி. பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம். அனுப்பும்போது உதிர்ந்த விதைகளைத் தனி உறையில் போட்டு, எந்தச் செடியின் விதை என்று உறைமேல் எண் எழுதி, அந்தத் தாளிலேயே ஒட்டிவிடுங்கள். அவர்கள் முதலில் திறந்து பார்ப்பது அந்த உறையாகத்தான் இருக்கும்.